ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு எதிரே ஒரு திரை

மகள் படிக்கும் பள்ளியின் நடைவழியில் ஒரு டிவி மாட்டி, என்னென்ன வேலைகள் உண்டு, அவற்றுக்கு எந்த வழியாகப் போவது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்ற யோசனை பள்ளி நிர்வாகக் குழுவான எஸ்.ஜி.பி.-யின் கூட்டத்தில் வந்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் சாதாரண அரசுப் பள்ளி அது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வகுப்பறைகளில் மழை நாளில் இன்னும் ஈர வாடை அடிக்கும். கழிப்பறைக் கதவுகள் பாதி தொங்கிக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டு டிவியா என்றுதான் முதலில் தோன்றியது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலையை, சோப்பு விளம்பரம் மாதிரி நடந்துபோகிற போக்கில் கண்ணில் காட்டிவிட்டால் ஆயிற்றா? அந்தத் தயக்கம் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் திரை வேண்டும் என்று இப்போது நானே வாதாடுகிறேன். இந்த இரண்டும் எப்படி ஒரே மனதில் இருக்கின்றன என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு நிறுவனம் வந்தது. மூன்று திரைகள் இலவசம், மாட்டியும் தருகிறோம், ஓடும் நேரத்தில் பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு என்றார்கள். உங்கள் பாதியில் என்ன வரும் என்று கேட்டோம். மொபைல் டேட்டா, ஷூ, அப்புறம் தனியார் கல்லூரிகள். கல்லூரி என்றதும் கூட்டம் சூடானது. ஒவ்வொரு ஜனவரியிலும் மேட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடிவு வந்த கையோடு, பதிவு பெறாத கல்லூரிகளை நம்பி ஏமாற வேண்டாம் என்று உயர்கல்வித் துறை எச்சரிக்கும். கல்லூரி துறையிடம் பதிவாகியிருக்க வேண்டும், படிப்பு, தகுதிகளை அங்கீகரிக்கும் சாக்கா அமைப்பின் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டையும் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்து அந்தச் சான்றிதழ் எங்கேயும் செல்லாது என்று தெரிந்துகொண்ட குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. ட்ரக் ஓட்டும் ஒரு அப்பா எழுந்து, “பள்ளிக்கூடச் சுவர்ல வந்தா, பள்ளிக்கூடமே சொல்லுதுன்னுதான் பிள்ளைங்க நம்பும்” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இலவசம் வேண்டாம் என்று முடிவானது.

அப்புறம் பிரியாணி. டர்பனில் கோயிலுக்கானாலும் பள்ளிக்கானாலும் பணம் திரட்ட அதுதான் வழி. டிக்கெட் விற்று, ஞாயிறு விடியற்காலையில் மைதானத்தில் பானை ஏற்றி, மதியத்துக்குள் விற்றுத் தீர்த்து, ஒரு டிவிக்கான பணம் சேர்ந்தது. பள்ளியின் தின்பண்டக் கடையான டக் ஷாப்புக்கு எதிர்ச் சுவரில், மேட்ரிக் வகுப்புகள் இருக்கும் பக்கமாக மாட்டினார்கள். பென்டிரைவில் படங்களை ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓடும். முதல் பருவம் முழுக்க ஓடியவை இணையத்தில் இறக்கிய படங்கள்: ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவர், மஞ்சள் தொப்பி போட்டு வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்திருக்கும் ஒருவர், லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண். மேலே, பெரிதாகக் கனவு காண் என்று ஒரு வரி. பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பார்க்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டதில், ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் சொன்னது வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டது. டாக்டர், டீச்சர், இன்ஜினியர், போலீஸ் என்று நமக்கெல்லாம் தெரிந்த அதே பட்டியல். எங்கள் திரையும் அந்தப் பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே தெரிந்ததை, யாரென்றே தெரியாத முகத்தோடு காட்டினால் எந்தப் பிள்ளை நின்று பார்க்கும்?

கப்பல் பார்த்த பையன்

வெள்ளிக்கிழமைகளில் நான் டக் ஷாப்பில் உதவிக்குப் போவேன். லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கை, தொழில் வழிகாட்டல் பாடம்) ஆசிரியை ஒருவர், ஆர்வமானவர், துறைமுக வேலைகளைப் பற்றித் தானே நான்கைந்து படங்கள் செய்து பென்டிரைவில் சேர்த்திருந்தார். அதில் ஒன்று கப்பலின் இன்ஜின் அறை. இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் ஆள், காதில் அடைப்பான். கீழே ஒரு வரி: கப்பல் இன்ஜினியர், தேவையான பாடங்கள் கணிதம், பௌதிக அறிவியல்.

ஆகஸ்டு மாதம். இடைவேளை மணி அடித்து எல்லோரும் போன பிறகும் ஒரு மேட்ரிக் பையன் திரைக்கு முன்னால் நின்றிருந்தான். பக்கத்து டவுன்ஷிப்பான உம்லாசியிலிருந்து இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வருகிறவன். ‘பை’ (pie) என்ற தின்பண்டம் வாங்க என்னிடம் வாராவாரம் சில்லறை எண்ணித் தருவான், அதனால் முகம் தெரியும். அந்தப் படம் ஒருமுறை சுற்றி வந்து மறுபடி வரும்வரை காத்திருந்து பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, “ஆன்ட்டி, இதுல மேத்ஸ்னு போட்டிருக்கே, அது ப்யூர் மேத்ஸா? மேத்ஸ் லிட் ஆகாதா?” என்று கேட்டான். மேத்ஸ் லிட் (மேதமேட்டிகல் லிட்டரசி) என்பது கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் அன்றாடக் கணக்குப் பாடம். எனக்குத் தெரிந்தவரை ப்யூர் மேத்ஸ்தான் என்றேன். “எனக்கு மேத்ஸ் லிட்ல 80 வருது ஆன்ட்டி” என்றான்.

பேச்சு கொடுத்ததில் மீதியும் வந்தது. காலையில் டாக்ஸியில் வரும்போது, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறான். எந்தக் கொடி எந்த நாடு என்று தெரியும். ஆனால் அதற்குள் வேலை பார்க்கிறவர்கள் எங்கே படிக்கிறார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா என்று யாரிடமும் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணிதத்தில் முப்பதுக்குச் சொச்சம் வாங்கியபோது, மேத்ஸ் லிட் எடு, மேட்ரிக்கில் நல்ல மார்க் வரும் என்றிருக்கிறார்கள். எடுத்தான். சொன்னபடியே நல்ல மார்க் வந்தது. அந்த 80-க்கு அவன் உழைத்த உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அது திறக்காத கதவு எது என்பதை மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. திரைதான் முதன்முதலாகச் சொன்னது. செப்டம்பர் கடைசியில் முடியும் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குச் சில வாரமே மிச்சம் இருக்கும்போது சொன்னது.

‘பை’யை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். எனக்கு அன்றைக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. படத்தில் இருந்த தகவல் சரி, படமும் நன்றாக இருந்தது, செய்தவரின் அக்கறையிலும் குறையில்லை. பிறகு ஏன் அது அவனுக்கு அடி விழுந்த மாதிரி ஆனது? திரும்பத் திரும்ப யோசித்ததில் ஒன்றே ஒன்றுதான் பிடிபட்டது. திரை தப்பான சுவரில் இருந்தது.

எல்லாம் ஒன்பதிலேயே முடிந்துவிடுகிறது

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக மட்டும் இரண்டு வரி. இங்கே பத்தாம் வகுப்பில் நுழையும்போதே ஏழு பாடங்களை முடிவு செய்துவிட வேண்டும்: இரண்டு மொழி, லைஃப் ஓரியன்டேஷன், கணிதம் அல்லது மேத்ஸ் லிட், பிறகு விருப்பப் பாடங்கள் மூன்று. அந்தப் படிவம் ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் வீட்டுக்கு வரும். கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது சுலபம். மறுபக்கம் ஏறுவது நடைமுறையில் நடக்காது.

மேத்ஸ் லிட்டை நான் மட்டமாகப் பேசமாட்டேன். கடன் வட்டி கணக்கிடவும் சம்பளச் சீட்டைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கும் பாடம் அது, பெரியவர்கள் பலருக்கே அது வராது. அதை வைத்துப் போகக்கூடிய நல்ல படிப்புகளும் நிறைய உண்டு. ஆனால் பொறியியல், மருத்துவம், சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி இவற்றுக்கெல்லாம் அது உதவாது. நாடு முழுக்க மேட்ரிக் எழுதுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கணிதம் எழுதுகிறார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் கணிதம் வராது என்பதை நான் நம்பத் தயாரில்லை. பள்ளியின் தேர்ச்சி சதவீதம் ஜனவரியில் பேப்பரில் வருகிறது. முப்பது மார்க் எடுக்கும் பிள்ளையைக் கணிதத்தில் வைத்திருந்தால் அந்தச் சதவீதம் அடிபடும். ஆசிரியர்களுக்கு மேலிருந்து நெருக்கடி, பிள்ளைக்கோ பதினைந்து வயது. வீட்டில் கேட்டால், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். படிவத்தில் கையெழுத்து விழுந்துவிடும்.

ஆகவே மேட்ரிக் பிள்ளைகளுக்கு வேலைகளைக் காட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை என்பது என் கட்சி. அவர்களுக்கு வேண்டியது வேறு: பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் சிஏஓ அலுவலகத்தின் விண்ணப்பத் தேதி, சேர்க்கைக்கான ஏபிஎஸ் புள்ளியைக் கூட்டும் விதம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவி கிடைக்கும், அது டிவெட் என்னும் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளுக்கும் உண்டு என்கிற விவரம். வேலைகளின் முகங்களைப் பார்க்க வேண்டியவர்கள் எட்டிலும் ஒன்பதிலும் இருப்பவர்கள். அடுத்த கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். திரையைக் கழற்றி ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு எதிரே மாட்டுங்கள் என்றேன். சின்னப் பிள்ளைகள் பந்தடித்து உடைத்துவிடுவார்கள், டக் ஷாப் பக்கம்தான் காவலுக்கு ஆள் இருக்கிறது, திருடு போகும் என்று எதிர்ப்பு வந்தது. இரும்புக் கூண்டு செய்து உள்ளே வைத்தால் சரி என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்.

அத்தையின் பட்டியல்

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது என் மாமியார் ஒன்று சொன்னார். அத்தை பிறந்தது டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்தான் அங்கே அதிகம். அவருடைய அப்பா ரோடு கூட்டுகிறவர். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ன் குழுப் பகுதிகள் சட்டப்படி அறுபதுகளில் அத்தனை பேரையும் கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். அத்தை பதினாறு வயதில் துணி ஃபேக்டரியில் மெஷினிஸ்டாகச் சேர்ந்தார்.

“எங்க காலத்துல என்ன வேலைக்குப் போறேன்னு யாரும் கேக்கல மா. கேக்க என்ன இருக்கு? விடியகாலைல பஸ் நிக்கும், அக்காமாருங்க எல்லாரும் ஏறுவாங்க, நானும் ஏறினேன்.”

அத்தைக்கு முன்னால் இருந்த வேலைப் பட்டியல் சட்டத்தால் சுருங்கிய பட்டியல். 1956-ன் தொழில் சமரசச் சட்டம், எந்த வேலை எந்த இனத்துக்கு என்று ஒதுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. படிக்க வைக்க முடிந்த வீட்டில் ஸ்பிரிங்ஃபீல்டில் வாத்தியார் பயிற்சி, இல்லையென்றால் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில் ஏதாவது ஒரு படிப்பு. அதற்கு மேல் மிகச் சிலர்தான் போனார்கள். சட்டம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பட்டியல் மட்டும் எங்கள் வீடுகளில் பெரிதாக நீளவில்லை. டாக்டர், சிஏ, வக்கீல், இல்லையென்றால் ஏதாவது ஒன்று. அந்த ‘ஏதாவது ஒன்று’ என்னென்ன என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

ஆனால் அத்தை சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. அவர் காலத்தில் வேலை கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் தெரிந்தது. மாலையில் அக்காமார் தலைமுடியில் ஒட்டிவரும் நூல் பிசிறு தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த துண்டுத் துணியில் தைத்துக் காட்டினார்கள். தெருவே எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்ததும் அந்த ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. தெற்கு டர்பனின் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் எஞ்ஜெனின் ஆலை 2020-ல் நின்றது, சாப்ரெஃப் 2022-ல் நின்றது. மிச்சம் இருக்கும் வேலைகள் வேலிக்கு உள்ளே, அட்டை காட்டினால்தான் திறக்கும் கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அதைக் கடந்து போயிருக்கிறார்கள். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், கார் செய்வார்கள் என்பதற்கு மேல் ஒரு பதில் வராது. நாட்டில் 15 முதல் 24 வயது வரை வேலை தேடுபவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு வேலை இல்லை. சுற்றிலும் வேலையில்லாதவர்களை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளையிடம், உனக்கு என்ன ஆகப் பிடிக்கும் என்று கேட்டால் அது எதை வைத்துப் பதில் சொல்லும்?

கூண்டு செய்ய வந்தவர்

கூண்டு செய்ய ஒரு மாணவியின் அப்பா முன்வந்தார். பாய்லர்மேக்கர், அதாவது கொதிகலன் போன்ற கனமான இரும்பு வேலைகள் செய்பவர். சுத்திகரிப்பு ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவர், அவை மூடியபின் ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) தொலைவில் இருக்கும் செகுண்டா வரைக்கும் போய்வருகிறார். ஒரு காலைப்பொழுதில் பேக்கியில் (பிக்கப் வண்டி) வெல்டிங் மெஷினோடு வந்து இறங்கினார். ஆங்கிள் இரும்பை முற்றத்தில் போட்டு அளந்து வெட்டி, நான்கு துண்டையும் செவ்வகமாக அடுக்கினார். அதற்குள் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

திரைக்கு முன்னால் நிற்காத பிள்ளைகள் இவரைச் சுற்றி இரண்டு வரிசையாக நின்றார்கள். அவர் தார்ப்பாயைக் கட்டி மறைத்து, வெல்டிங் ஒளியை வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்று முதலில் எல்லோரையும் பின்னால் தள்ளினார். பிறகு டேப்பை எடுத்து ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தார். மற்ற இரண்டு மூலைகளையும் அளந்தார். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு மூலையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுபடி அளந்து, இரண்டும் சமமானதும் தலையாட்டினார். ஏன் அங்கிள் குறுக்கே அளக்கிறீங்க என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலை நேராக இருக்கும், இல்லையென்றால் கதவு பூட்டாது என்றார். பின்னாலிருந்து ஒரு பையன், “இது சார் நடத்தின பித்தகோரஸ்தானே” என்றான். அவர் சிரிக்கவில்லை. “அதேதான். அதை நான் தினமும் போடறேன். மேத்ஸ் இல்லாம என்னால என்2 முடிச்சிருக்க முடியாது” என்றார். என்2 என்பது தொழில்நுட்பப் படிப்பின் ஒரு நிலை. அப்ரண்டிஸாக இருந்தது, டிரேட் டெஸ்டில் முதல்முறை தோற்றது, இரண்டாம்முறை ரெட் சீல் என்னும் தொழில் தகுதிச் சான்றிதழ் வாங்கியது எல்லாவற்றையும் கேட்கக் கேட்கச் சொன்னார். கையிலிருந்த இன்னொரு ஹெல்மெட்டை ஒவ்வொருவராகத் தலையில் மாட்டி, தார்ப்பாய்க்கு உள்ளே அழைத்து, இரும்பு உருகி ஒட்டுவதைக் காட்டினார். மணி அடித்தும் யாரும் நகரவில்லை. துணைத் தலைமையாசிரியர் வந்து விரட்ட வேண்டியிருந்தது.

2030-க்குள் ஆண்டுக்கு 30,000 வெல்டர், பிளம்பர் போன்ற தொழில்திறனாளர்களை உருவாக்க வேண்டும் என்று தேசிய வளர்ச்சித் திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அன்றைய காலைப்பொழுதுக்கு ஈடாகாது. அந்தப் பிள்ளைகள் பார்த்தது வேலையின் பெயரை மட்டுமல்ல, வேலை நடப்பதை. அதையும் தன் வகுப்புப் பிள்ளையின் அப்பா செய்து பார்த்தார்கள். எல்லா வேலையையும் முற்றத்துக்கு வரவழைக்க முடியாது. முடியாததை ஓரளவாவது கொண்டுவர முடிந்தால் திரைக்கு அர்த்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகப் பட்டது.

இப்போது ஓடுவது

புதிய கூண்டுக்குள் முதலில் ஓடியது அவருடைய படம்தான். கையில் அளவு டேப், பக்கத்தில் அதே கூண்டு. அதன் பிறகு படம் செய்வதற்கு ஒரு வடிவம் தானாக அமைந்துவிட்டது. முகம் பெரிதாக, கையில் கருவியோடு. வேலையின் பெயர். சாட்ஸ்வர்த்தில் எந்தப் பகுதிக்காரர், அல்லது உம்லாசியா, ஷால்கிராஸா. பத்தாம் வகுப்பில் எடுத்த பாடங்கள். எங்கே படித்தார். கடைசியாக, இந்த வேலையில் பிடிக்காதது என்று ஒரு வரி. அதை மகள்தான் சேர்க்கச் சொன்னாள். நல்லதை மட்டும் சொன்னால் விளம்பரம் என்று நினைப்பார்கள் அம்மா என்றாள். அவள் சொன்னது சரி. பிள்ளைகள் அந்த வரியைத்தான் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். ‘இரவு ஷிஃப்டில் தூக்கம் கெடும்.’ ‘நோயாளி இறந்துபோனால் வீட்டுக்கு வந்தும் மனம் ஆறாது.’ இரண்டாவது, டயாலிசிஸ் பார்க்கும் கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட் ஒருவர் எழுதிக் கொடுத்தது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு இருப்பது, அங்கேயே படித்த பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023-ல் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆன கதையை அவர் படம் சொன்னது. சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் கரும்புச் சாற்றின் சர்க்கரை அளவைச் சோதிக்கும் ஒரு பெண்ணின் படமும் வந்தது. 1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வழியில் வந்த ஒரு பெண் வெள்ளைக் கோட்டு போட்டு அதே கரும்பை ஆய்வு செய்யும் படத்தின் முன்னால் அத்தை வெகுநேரம் நின்றார். பெற்றோர் சந்திப்பு நாளில் அவரையும் அழைத்துப் போயிருந்தேன்.

அந்தச் சந்திப்பு நாளில்தான் நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ரிப்போர்ட் வாங்க வரிசையில் நிற்கும் பெற்றோர் வேறு வேலையில்லாமல் திரையைப் பார்த்தார்கள், பிள்ளைகளைவிடக் கவனமாக. பேரனை வளர்க்கும் ஒரு ஜூலுப் பாட்டி, டிவெட் கல்லூரிக்கும் என்எஸ்ஃபாஸ் உண்டா என்று ஆசிரியையிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டு போனார். படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவர்கள்தானே.

செல்போனில் இல்லாததா இதில் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. போன் ஒரு பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டும். கால்பந்து பார்ப்பவனுக்குக் கால்பந்து, மேக்கப் பார்ப்பவளுக்கு மேக்கப். சுவரில் இருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவன் பார்த்ததை இன்னொருவனும் பார்த்திருப்பதால் அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது. தேடவே தெரியாத ஒன்றை போனில் எப்படித் தேடுவது?

சில்லறைச் சங்கடங்கள் நிறைய. காலை வெயில் நேராகத் திரையில் அடிக்கிறது, முதல் இரண்டு பீரியடுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு படத்துக்கு ஆறு நொடி வைத்திருந்ததை பதினைந்து ஆக்கிய பிறகுதான் கடைசி வரி வரைக்கும் படிக்க முடிந்தது. ஒலி கிடையாது, வகுப்பு நடக்கிறது. 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இதை ஆரம்பித்திருந்தால் பாதி நாள் கறுப்புத் திரைதான் மிஞ்சியிருக்கும். மின்சாரம் இப்போது பரவாயில்லை.

பெரிய குறை ஒன்று தீரவில்லை. திரையைப் பார்த்துவிட்டுக் கேள்வியோடு திரும்பும் பிள்ளைக்கு, கேட்க ஓர் ஆள் வேண்டும். தொழில் வழிகாட்டலுக்கென்று தனி ஆசிரியர் எங்கள் பள்ளியில் இல்லை. லைஃப் ஓரியன்டேஷன் பீரியடுகளை யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. உயர்கல்வித் துறையின் கேத்தா என்னும் தொழில் வழிகாட்டல் சேவை நல்ல சேவை, அதைப் பற்றியும் ஒரு படம் ஓட்டுகிறோம். ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளை முகம் தெரியாதவரிடம் போனில் பேசத் தயங்கும். அதனால் வியாழக்கிழமை இடைவேளையில் பெற்றோர் யாராவது ஒருவர் திரைக்குக் கீழே நிற்பது என்று வைத்திருக்கிறோம். சில வியாழன் யாருக்கும் லீவு கிடைக்காமல் இடம் காலியாகவே இருக்கும். ஆள் நிற்காத நாளில் திரை பாதி வேலைதான் செய்கிறது, இதை எஸ்.ஜி.பி.-யில் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனியும் சொல்வேன்.

அந்த மேட்ரிக் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். டிவெட் கல்லூரியில் கணிதத்தோடு மறுபடி தொடங்கும் வழியை ஆசிரியை அவனுக்கு எழுதிக் கொடுத்தார். மற்றவர்களைவிடச் சில வருடம் அதிகமாகும். சேர்ந்துவிட்டதாக அவனுடைய நண்பன் சொன்னான்.

மூன்றாம் பருவம் தொடங்கும் முன் இருபது புதுப் படங்களாவது சேர்க்க வேண்டும். டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால், உங்கள் பக்கத்துப் பள்ளியில் போய்க் கேளுங்கள், அல்லது இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள். நில அளவை, மின்கம்பி இழுப்பு, கிரேன், சுங்கம், பல் கட்டும் ஆய்வகம், நூலகம், எதுவானாலும் சரி. எங்களிடம் இதுவரை ஒரு பிளம்பர்கூட இல்லை. கருவியோடு ஒரு படம் எடுங்கள். ஹெல்மெட்டோ முகக்கவசமோ போடும் வேலையாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றும் எடுங்கள், முகம் தெரியட்டும். பத்தாம் வகுப்பில் என்னென்ன பாடம் எடுத்தீர்கள் என்பதையும், உங்கள் வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.